30 எம்எம் போர்ட்

"அண்ணா, போர்ட்ட மட்டும் நல்லாப் பெருசா தொறந்து விட்டுருங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்." போன மாதம் ஒரு கல்லூரி மாணவர், செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த சிலிண்டர் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்மூடியை, என் மேசையில் வைத்துவிட்டு இப்படிச் சொன்னார். போர்ட் என்பது காற்றும் பெட்ரோலும் அந்த ஹெட்டுக்குள் நுழைந்து வால்வு வரை போகும் குழாய்வழி. இருபது வருடமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆள் மாறுகிறது, வண்டி மாறுகிறது, கேட்பது மட்டும் மாறவில்லை. இப்போது எத்தனை எம்எம் இருக்கிறது, எந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓட்டப் போகிறீர்கள், எந்த ட்ராக்கில் என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. அந்தத் தம்பியிடமும் இல்லை. வெர்னியர் அளவுகோலில் அளந்துகொண்டு வாங்க என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கடுமையாகப் பேசிவிட்டேனோ என்று அன்று இரவு முழுக்க மனசு அரித்தது. ஏனென்றால் அதே ஆசையோடு ஒரு ஹெட்டைக் குடைந்து, ஒரு ரைடருடைய பாதி சீசனை நானே வீணாக்கியிருக்கிறேன். அந்த ஹெட் இன்னமும் என் அலமாரியில் இருக்கிறது.

அது 2011. கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் எங்கள் பட்டறை. இரண்டு பக்கமும் லேத், எதிரே ஒரு சின்ன ஃபவுண்டரி. எங்களிடம் ஓட்டிக்கொண்டிருந்த பையனுக்காக 150 சிசி வண்டி ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தோம். இரண்டு வால்வு, காற்றில் குளிர்கிற இன்ஜின். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 57 எம்எம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 58. வால்வைத் திறந்து மூடும் கேமை மாற்றி, 10,000 ஆர்பிஎம் வரை தாங்குகிற மாதிரி ஸ்பிரிங் போட்டு, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வையும் 32 எம்எம் ஆக்கியிருந்தேன். கம்பெனி போர்ட் 26 எம்எம். வால்வு பெரிதாகிவிட்டது, கேமும் பெரிதாகிவிட்டது, அப்புறம் போர்ட் மட்டும் ஏன் சின்னதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. டை கிரைண்டரில் கார்பைடு பர் என்கிற பல் வைத்த குடைமுனையை மாட்டி உட்கார்ந்தேன். அலுமினியம் பர்ரின் பல்லில் அப்பிக்கொள்ளாமல் இருக்க நடுநடுவே மண்ணெண்ணெயில் தொட்டுத் தொட்டுக் குடைய வேண்டும். ஒரு கையில் கிரைண்டர் அதிரும். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும். மூன்று ராத்திரி வேலை செய்தேன். வால்வுத் தண்டைப் பிடித்திருக்கும் கைடைச் சுற்றியிருந்த மேட்டை மெலியவைத்து, சுவரை எல்லாம் வழித்து, நடுப்பகுதியை 30 எம்எம்முக்குக் கொண்டுவந்தேன். எமரி போட்டு முடித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது அப்படி ஒரு அழகாக இருந்தது.

அதோடு விடவில்லை, அளந்தும் பார்த்தேன். எங்களிடம் நாங்களே கட்டிய ப்ளோ பெஞ்ச் ஒன்று இருந்தது. மரப்பெட்டி, வாக்குவம் கிளீனர் மோட்டார் நான்கு, கண்ணாடிக் குழாயில் கலர் தண்ணீர். ஹெட்டை மேலே கவிழ்த்து வைத்து, வால்வை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திறந்து, ஒவ்வொரு திறப்பிலும் எவ்வளவு காற்று போகிறது என்று குறித்துக்கொள்வோம். பழைய போர்ட்டைவிட எல்லா லிப்டிலும், அதாவது வால்வின் எல்லாத் திறப்பிலும், எண் ஏறியிருந்தது. முழு லிப்டில் நன்றாகவே ஏறியிருந்தது. அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்தேன். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் சக்தி கூடும். இதில் தப்பு எங்கே வர முடியும் என்று முழு மனசோடு நம்பினேன்.

செட்டிபாளையம் கரி ட்ராக்கில் பிராக்டிஸ். கோவைக்காரர் எஸ்.கரிவர்தன் பெயரைத் தாங்கிய ட்ராக் அது. மாருதி 800 இன்ஜினை வைத்து இங்கேயே ஃபார்முலா கார் கட்டிய மனிதர் அவர். ட்ராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர்தான். அதற்குள் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒரு வளைவிலிருந்து எழுந்து வேகம் பிடிப்பதற்குள் அடுத்ததுக்குப் பிரேக் போட வேண்டியிருக்கும். பையன் ஆறு சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கையை ஆட்டினான். "கார்னர்ல இருந்து வண்டி எந்திரிக்கவே மாட்டீங்குதுங்ணா. ஆர்பிஎம் மேல போனா ஓடுது. ஆனா மேல போறதுக்குள்ள அடுத்த கார்னர் வந்துருதுங்ணா." ஸ்டாப்வாட்சும் அதையேதான் சொன்னது. பழைய ஹெட்டைவிடச் சுற்றுக்கு ஒரு விநாடிக்கு மேல் மெதுவு. ரேஸில் ஒரு விநாடி என்பது சின்ன விஷயம் இல்லை. பத்துச் சுற்றில் முன்னால் போகிறவனின் முதுகுகூடக் கண்ணுக்குத் தெரியாது.

என்னால் அதை ஏற்கவே முடியவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். இக்னிஷன் டைமிங்கை முன்னும் பின்னும் நகர்த்தினேன். பின் சக்கர ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டினேன். இரண்டு ரேஸ் அப்படியே போனது. குறை எங்கே என்று எல்லா இடத்திலும் தேடினேன், போர்ட்டை மட்டும் சந்தேகப்படவில்லை. சுவரில் ஒட்டிய காகிதம் அதைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது. ஒருநாள் கார்புரேட்டரைக் கழற்றியபோது மட்டும் ஒன்றைக் கவனித்தேன். போர்ட்டின் தரையில், அதாவது கீழ்ப்பக்கச் சுவரில், பெட்ரோல் நாக்கு மாதிரி ஈரமாகப் படிந்திருந்தது. கூரைப்பக்கம் உலர்ந்து சுத்தமாக இருந்தது. ஜெட் பெரிதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு துடைத்துவிட்டேன். இன்ஜின் அன்றைக்கே பதிலைச் சொல்லியிருக்கிறது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

மேஸ்திரி கேட்ட கேள்வி

எங்கள் சந்தில் ஒரு பெரியவர் இருந்தார். பம்பு ஃபவுண்டரிகளில் நாற்பது வருடம், வார்ப்புக்கு மாதிரி செய்யும் பேட்டர்ன் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. பைக் ஓட்டத் தெரியாது, ரேஸ் பார்த்ததும் கிடையாது. சாயங்காலம் டீ குடிக்க வருவார், ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நாங்கள் செய்கிற வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு நான் போர்ட்டுக்குள் சிலிக்கான் ரப்பரை ஊற்றி இறுக விட்டு, அச்சை வெளியே உருவி எடுத்திருந்தேன். உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் வடிவம் அப்படியே கைக்கு வந்துவிடும். மேஸ்திரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கோருங்க" என்றார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தானே. வார்ப்புக்குள் தண்ணீர் போகும் வழியை மணலில் கோராகச் செய்து வைப்பது.

அப்புறம் கட்டைவிரலால் அச்சின் நடுவைத் தடவிவிட்டுக் கேட்டார். "கண்ணு, இந்த வயிறு எதுக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவர் வெர்னியரை எடுத்து அளந்து காட்டினார். வால்வு வந்து உட்காரும் சீட்டுக்குச் சற்று மேலே இருக்கும் தொண்டை 28 எம்எம். அதற்குப் பின்னால் என் 30 எம்எம் நடுப்பகுதி. கார்புரேட்டர் பக்கம் மறுபடி 28. "வாய் சின்னது, வயிறு பெருசு, கழுத்து சின்னது. ஓடி வர்ற காத்து இங்க வந்து சோம்பிப் போயிரும். மறுக்கா ஓடணும்னா மறுக்கா தள்ளணும்."

"மேஸ்திரி, காத்து முன்னவிட ஜாஸ்தியா போகுதுங்க. மெஷின்லயே அளந்திருக்கேன்."

"உன்ற மெஷின் நிக்காம உறிஞ்சுது. இன்ஜின் அப்படியா உறிஞ்சுது?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அவர் விடவில்லை. "வாய்க்காலுக்குத் தண்ணி பாயும்போது கேட் வால்வைப் பட்டுனு மூடிப் பாத்திருக்கியா? பைப்பு டொம்முனு அதிரும். ஏன்? தண்ணி ஓடிட்டு வருது, கதவைச் சாத்துனாலும் அதுக்கு நிக்கத் தெரியாது. பின்னால வர்றதும் சேந்து மோதுது. அதே தண்ணிய நாலு இஞ்ச் பைப்புல மெதுவா விட்டா அந்த அடி வருமா?" வராது என்று எனக்கே தெரியும். கோயம்புத்தூரில் வளர்ந்த யாருக்கும் தெரியும்.

இன்ஜினுக்குள் நடப்பதும் அதுதான். எங்கள் கேமில் இன்டேக் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்ட பிறகும் கிராங்க் தண்டு இன்னும் சுமார் 60 டிகிரி சுற்றும் வரை மூடாது. கணக்குப் போட்டால் 58 எம்எம் ஸ்ட்ரோக்கில் அதற்குள் பிஸ்டன் 11 எம்எம்முக்கு மேல் ஏறியிருக்கும். அதாவது பிஸ்டன் மேலே வந்து காற்றைத் திருப்பித் தள்ளத் தொடங்கிய பிறகும் கதவு திறந்தே கிடக்கிறது. அந்த நேரத்தில் காற்று உள்ளே வர வேண்டுமென்றால் அதை இழுக்க யாருமில்லை. அது ஓடி வந்த வேகத்திலேயே, தன் உந்தத்திலேயே, பிஸ்டனை எதிர்த்து உள்ளே நுழைய வேண்டும். வேகம் இருந்தால் சிலிண்டர் கொள்ளளவுக்கு மேல்கூட நிரம்பும். வேகம் இல்லையென்றால் உள்ளே வந்த காற்றும் வந்த வழியே திரும்பிப் போகும், கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் புகையாக நிற்கும். ஒரு தடவை எங்கள் இன்ஜின் உறிஞ்சும் காற்றின் எடை 0.2 கிராம்கூட வராது. 7000 ஆர்பிஎம்மில் அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு விநாடியில் 150-ல் ஒரு பங்கு. அந்தக் காற்றுக்கு உந்தத்தைக் கொடுப்பது வேகம் ஒன்றுதான். அந்த வேகத்தைத்தான் நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து குடைந்து எறிந்திருந்தேன்.

மேஸ்திரி அடுத்துச் செய்ததுதான் இன்றுவரை கண்ணுக்குள் நிற்கிறது. பெஞ்சை ஓடவிடச் சொன்னார். ஒரு மெல்லிய கம்பி நுனியில் வெள்ளைத் தையல் நூலை ஒரு இஞ்ச் நீளத்துக்குக் கட்டி, காற்று போய்க்கொண்டிருக்கும் போர்ட்டுக்குள் விட்டார். கூரைப்பக்கம் கொண்டுபோனதும் நூல் விறைத்து வால்வைப் பார்த்து நின்றது, அசையவே இல்லை. பக்கச் சுவரிலும் ஏறக்குறைய அப்படித்தான். தரைப்பக்கம், வால்வுக்குத் திரும்பும் உள்வளைவுக்குச் சற்று முன்னால் கொண்டுவந்தார். நூல் துவண்டது. அப்புறம் நடுங்கியது. ஒரு கட்டத்தில் திரும்பி எங்களைப் பார்த்தது. அந்த இடத்தில் காற்று முன்னால் போகவே இல்லை, சுழன்றுகொண்டு கிடந்தது. பெட்ரோல் ஈரமாகப் படிந்திருந்த அதே இடம்.

என் மகளுடைய பச்சை நிறக் களிமண் ஒரு டப்பா அங்கே கிடந்தது. மேஸ்திரி அதிலிருந்து ஒரு உருண்டை எடுத்து, விரலால் போர்ட் தரையில் அப்பி, மெதுவாக இழுத்து வழவழப்பாக்கினார். நடுவில் வட்டமாக இருந்த வழி, தரை உயர்ந்து அரைவட்டம் போல ஆனது. குறுக்கு வெட்டில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இடம் அடைபட்டுப் போனது. இனி எண் கவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன். பெஞ்சைப் போட்டோம். முழு லிப்டில் கலர் தண்ணீர் மயிரிழை இறங்கியது. நடு லிப்டுகளில் முன்னைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. மறுபடி ஒருமுறை செய்து பார்த்தோம், அதே எண். ஐந்தில் ஒரு பங்கு வழியை அடைத்த பிறகும் அதே காற்று போகிறது என்றால், அந்த ஐந்தில் ஒரு பங்கை அதுவரை காற்று உபயோகிக்கவே இல்லை என்றுதானே அர்த்தம்? மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு, "வாய்க்காலை அகலமா வெட்டுனா வண்டல் படியும், கண்ணு" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸை எடுத்துக்கொண்டார். பெட்ரோல் துளி ஏன் தரையில் படிந்தது என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை இதுவரை நான் கேட்டதில்லை. வேகமாக ஓடும் காற்று துளியைச் சுமந்துகொண்டு போகும். மெதுவானால் கீழே போட்டுவிடும். கீழே விழுந்த பெட்ரோல் தாறுமாறாக உள்ளே போகும், எரியாமலும் போகும்.

அன்று ராத்திரி கணக்கு எழுதிப் பார்த்தேன். பிஸ்டனின் சராசரி வேகத்தை, போர் விட்டத்தைப் போர்ட் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணின் இருமடியால் பெருக்கினால் போர்ட்டில் காற்றின் சராசரி வேகம் கிடைக்கும். 10,000 ஆர்பிஎம்மில் எங்கள் பிஸ்டன் விநாடிக்கு 19.3 மீட்டர். பழைய 26 எம்எம் போர்ட்டில் காற்று 93 மீட்டர், என் 30 எம்எம்மில் 70. வளைவிலிருந்து எழும் 7000-ல் பார்த்தால் 65 மீட்டர் 49 ஆகியிருந்தது. வேகம் நாலில் ஒரு பங்கு குறைந்தால் இயக்க ஆற்றல் அதன் இருமடியில் குறையும், கிட்டத்தட்ட பாதியாகிவிடும். "எந்திரிக்கவே மாட்டீங்குது" என்று பையன் சொன்னது இதைத்தான். அவன் உடம்பு அளந்ததை என் பெஞ்ச் அளக்கவில்லை. எங்கள் பெஞ்சின் இன்னொரு குறையும் அப்போதுதான் உறைத்தது. அது 10 இன்ச் தண்ணீர் அழுத்தத்தில்தான் உறிஞ்சும். அந்த அழுத்தத்தில் காற்றுக்குக் கிடைக்கும் வேகமே விநாடிக்கு 64 மீட்டர்தான். பெரிய இடங்களில் 28 இன்ச் வைப்பார்கள், அதில் 107 மீட்டர் வரை போகும். மெதுவான காற்று உள்வளைவை ஒட்டிக்கொண்டு சமர்த்தாகத் திரும்பும். வேகமான காற்று அங்கே பிய்த்துக்கொண்டு போகும். அதனால் பெஞ்சில் நல்ல பிள்ளையாக இருக்கும் போர்ட் இன்ஜினில் வேறு முகம் காட்டும்.

களிமண்ணை இன்ஜினில் வைத்து ஓட்ட முடியாது. தரையைச் சொரசொரப்பாக்கி, பிடிமானத்துக்குச் சின்னச் சின்னக் குழி போட்டு, எபாக்ஸி பசையால் அதே வடிவத்தைக் கட்டி ஒருநாள் வைத்துப் பார்த்தோம். உடைந்து உள்ளே போனால் வால்வு போய்விடும் என்ற பயம் இருந்தது. அதனால் பிறகு வேறொரு ஹெட்டை எடுத்து டிக் வெல்டிங்கில் அலுமினியம் நிரப்பி, வளைந்த முகத்தைச் சீராக்கி, சீட் புதிதாக வெட்டி, அந்த வடிவத்தையே குடைந்தோம். பரப்பளவுக்குச் சொன்னால் 27 எம்எம் வட்டத்துக்குச் சமம். அடுத்த பிராக்டிஸில் பையன் இரண்டாவது சுற்றிலேயே, பிட் சுவரைத் தாண்டும்போது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பழைய ஹெட்டின் நேரத்தையும் அன்றைக்கு முறியடித்தான். மேலே, 10,000-ல், 30 எம்எம் ஹெட்டுக்கும் இதற்கும் அவனால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

ஒரே போர், ஒரே ஸ்ட்ரோக்

இதெல்லாம் நான் மட்டும் விழுந்த குழி இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1967-ல் ஃபோர்டு தன் 7 லிட்டர் 427 இன்ஜினுக்கு டனல் போர்ட் என்று ஒரு ஹெட் செய்தது. வால்வைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட் தண்டு வழியில் குறுக்கிடுகிறதே என்று போர்ட்டை ஒதுக்கி வளைக்காமல், போர்ட்டை நேராகப் பெரிய குழாயாக விட்டுவிட்டு, புஷ்ராடை ஒரு சின்னக் குழலுக்குள் போட்டு போர்ட்டின் நடுவிலேயே இறக்கிவிட்டார்கள். அதை வைத்து மரியோ ஆண்ட்ரெட்டி அந்த வருடம் டேடோனா 500-ஐ ஜெயித்தார். டேடோனா என்பது நீண்ட ஓவல். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மிதித்தபடி, இன்ஜின் உச்சியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அங்கே அந்தப் பெரிய குழாய்க்கு வேலை இருந்தது.

அடுத்த வருடம் அதே யோசனையை 5 லிட்டர் 302 இன்ஜினுக்குக் கொண்டுவந்து டிரான்ஸ்-ஆம் ரேஸில் மஸ்டாங் காரில் இறக்கினார்கள். டிரான்ஸ்-ஆம், வளைந்து நெளிந்து போகும் ரோடு சர்க்யூட். சின்ன இன்ஜினுக்கு அவ்வளவு பெரிய போர்ட்டில் கீழே இழுவையே இல்லை. 8000 ஆர்பிஎம்முக்கு மேல் விரட்டினால்தான் உயிர் வந்தது. அப்படி விரட்ட விரட்ட ஆயில் ஓட்டமும் அடிப்பாகமும் தாங்கவில்லை, இன்ஜின் இன்ஜினாக வெடித்தது. எதிரே ரோஜர் பென்ஸ்கியின் டீமில், ஷெவர்லே கமேரோ காரில் மார்க் டோனஹ்யூ. அந்த ஷெவர்லே இன்ஜினும் 302 கன அங்குலம்தான். போர் 4 இன்ச், ஸ்ட்ரோக் 3 இன்ச், ஃபோர்டிலும் அச்சாக அதே அளவு. அதன் போர்ட் சாதாரணமானது, வால்வு 2.02 இன்ச். அந்த 1968 சீசனின் 13 ரேஸில் 10-ஐ டோனஹ்யூ ஜெயித்தார். ஓட்டுநர், டீம், நம்பகத்தன்மை எல்லாம் அதில் உண்டு, போர்ட் ஒன்றையே காரணமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே போர், ஒரே ஸ்ட்ரோக் உள்ள இரண்டு இன்ஜின்களை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு சரித்திரத்தில் அடிக்கடி வருவதில்லை. 1969-ல் ஃபோர்டு பாஸ் 302 என்ற புது இன்ஜினைக் கொண்டுவந்தபோது இன்டேக் வால்வு 2.23 இன்ச். 1970-ல் அதை 2.19 ஆக்கினார்கள். அந்த வருடம் பட்டம் ஃபோர்டுக்கு. பெரிய கம்பெனி, எத்தனையோ இன்ஜினியர்கள். அவர்களும் சின்னதாக்கிப் பார்த்தார்கள் என்பதைப் படித்த அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல் கொஞ்சநஞ்சமில்லை.

அப்போ சின்னதுதான் நல்லதா?

இந்தக் கேள்விதான் என்னை நிம்மதியாக விடுவதில்லை. மேஸ்திரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒரு காலம் எல்லாப் போர்ட்டையும் இறுக்கமாகவே செய்தேன். அதுவும் தப்பு. அதே 27 எம்எம் வண்டியை இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். 1990-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மெட்ராஸ் ட்ராக், 3.7 கிலோமீட்டர், நீள நேர்வழி. வளைவுகளில் நாங்கள் நெருங்கிப் பிடித்தோம். நேர்வழியில் பெரிய போர்ட் வண்டிகள் எங்களைக் கடந்து போயின. காற்றுக்கு மேல் எல்லையும் உண்டு. வால்வு வழியாகப் போகும் காற்றின் சராசரி வேகம் ஒலியின் வேகத்தில் சுமார் 0.6 பங்கைத் தாண்டினால், சிலிண்டர் நிரம்பும் அளவு சரியத் தொடங்கிவிடும் என்று எம்.ஐ.டி. பேராசிரியர் சி.எஃப்.டெய்லர் எப்போதோ காட்டிவிட்டார். அதற்கு மேல் எவ்வளவு விரட்டினாலும் தொண்டை அடைத்த மாதிரிதான். தாங்களே கார் கட்டி ஓட்டும் ஃபார்முலா பாரத் போட்டிக்குக் கோவை வரும் மாணவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விதிப்படி பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும் எல்லாக் காற்றும் 20 எம்எம் துளை வழியாகத்தான் போக வேண்டும். அங்கே காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் ஒரு துளிகூட அதிகமாகாது.

எனக்குக் கிடைத்த பதில் இதுதான். போர்ட்டின் அளவை முடிவு செய்ய வேண்டியது கிரைண்டர் பிடித்த கை இல்லை, ரைடர் எந்த ஆர்பிஎம்மில் அதிக நேரம் இருக்கிறார் என்பது. அதைத் தீர்மானிப்பது ட்ராக்கும் கியர்பாக்ஸும். எங்கள் பையனுடைய வண்டியில் கம்பெனி கியர்பாக்ஸ், ஐந்து கியருக்கும் நடுவில் பெரிய இடைவெளி. ஒவ்வொரு கியர் மாற்றும்போதும் ஆர்பிஎம் தடாலென்று விழும், கரியின் மெதுவான வளைவுகளில் 7000-க்கும் கீழே போகும். நெருக்கமான கியர் இருந்து, அவன் 8500-க்குக் கீழே இறங்காமலே சுற்றி வர முடிந்திருந்தால் என் வயிற்றுப் போர்ட்டைக்கூட ஓரளவு மன்னித்திருப்பான். அதனால்தான் இப்போதெல்லாம் யாராவது போர்ட்டிங் கேட்டால் முதலில் கியர் பற்களின் எண்ணிக்கையைக் கேட்கிறேன். கேட்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும், தெரியும். ஆனால் உலோகத்தை எடுப்பது ஒரு ராத்திரி வேலை. திரும்ப வைப்பது வெல்டிங், சீட், முகம், செலவு, இரண்டு வாரம்.

அந்த 30 எம்எம் ஹெட்டுக்கு ஒரு பின்கதையும் உண்டு. நான்கு வருடம் கழித்து இன்னொருவர் அதே இன்ஜினைப் போர் 62 எம்எம்முக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். ஸ்ட்ரோக் அதேதான், 175 சிசி ஆகியிருந்தது. அலமாரியிலிருந்து அந்த ஹெட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 62-ஐ 30-ஆல் வகுத்து இருமடியாக்கினால் 4.27. 10,000-ல் காற்றின் வேகம் 82 மீட்டருக்கு மேல். சின்ன இன்ஜினில் சோம்பிக் கிடந்த அதே ஓட்டை, பெரிய பிஸ்டன் இழுத்ததும் ஓடத் தொடங்கியது. தரையில் மட்டும் கொஞ்சம் நிரப்பி வயிற்றைக் குறைத்துக் கொடுத்தேன். இரண்டு சீசன் நன்றாக ஓடியது. அவர் வண்டியை விற்றபோது ஹெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மேஸ்திரி அதற்குள் காலமாகியிருந்தார். அவர் இருந்திருந்தால் அச்சை எடுத்துக் காட்டியிருப்பேன்.

கல்லூரித் தம்பி நேற்றுக் கூப்பிட்டார். வெர்னியர் கிடைக்காமல் நண்பருடைய லேத் பட்டறைக்குப் போய் அளந்திருக்கிறார். "அண்ணா, போர்ட் நடுவுல 28.4 வருதுங்ணா. தொண்டை 27. முன்னாடி யாரோ கை வெச்சிருக்காங்க போல. இப்ப என்ன பண்ணட்டுங்ணா?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். ஒரு சுற்று ஓட்டிட்டு, கார்புரேட்டரைக் கழட்டி, தரையில ஈரம் இருக்குதான்னு பாருங்க. அப்படியே கியர் பல்லையும் எண்ணிட்டு வாங்க."

சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். பச்சைக் களிமண் காய்ந்துவிட்டது, புதிதாக ஒரு டப்பா வாங்க வேண்டும்.